நாற்பத்து மூன்று பல் அட்டைகள்

உதயகிரி சுவிட்ச்கியர்ஸ்,
சிப்காட் வளாகம், ஓசூர்.
16-8-1988

செல்வி த. ருக்மணி அவர்களுக்கு,
இரண்டாம் ஆண்டு மாணவி,
பல் சுகாதாரப் பயிற்சிப் பள்ளி, பெங்களூர்.

வணக்கம்.

என் பெயர் அ. நசீருதீன். மேற்கண்ட தொழிற்சாலையில் பதினோரு ஆண்டுகளாகத் தொழிலாளர் நல அலுவலராகப் பணியாற்றி வருகிறேன். இம்மாதம் 6ஆம் தேதி எங்கள் தொழிற்சாலையில் தாங்கள் நடத்திய பல் பரிசோதனை முகாமில் எழுதிக் கொடுத்த அட்டைகளில் உள்ள ஒரு தவறைச் சுட்டிக்காட்டுவதும், அது திருத்தப்படும் வரை தங்களுடைய சமூகப் பயிற்சிச் சான்றிதழில் நான் ஒப்பமிட இயலாது என்பதைத் தெரிவிப்பதுமே இக்கடிதத்தின் நோக்கம்.

நிறைவானவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒன்பது மணி என்று சொல்லி எட்டு ஐம்பதுக்கு வந்தீர்கள். கருவிகள் கொதிநீரில் கிடக்க வேண்டிய நேரத்தை நான் கடிகாரம் வைத்துப் பார்த்தேன். ஒரு முறையும் குறையவில்லை. வரிசையைத் தொடங்கிவைக்க அலுவலகத்திலிருந்து ஒருவர் முதலில் வந்து நின்றார். அவருக்குப் பின் எண்பத்தைந்து தொழிலாளர்கள். ஒருவரிடமும் தாங்கள் முகம் சுளிக்கவில்லை.

இனிக் குறை. எண்பத்தாறு அட்டைகளில் சரிபாதியாகிய நாற்பத்து மூன்றில், ஆறாம் பத்தியில், "புகையிலைக் கறை அல்லது அழுக்குக் கறை, பல் துலக்கும் வழக்கம் இல்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். அவற்றுள் மிகப் பெரும்பாலானவற்றின் நான்காம் பத்தியிலோ, அதே கையெழுத்தில், "ஈறு நலம், இரத்தக் கசிவு இல்லை" என்று உள்ளது. பல் துலக்காதவரின் ஈறு எவ்வாறு நலமாக இருக்கும்? நான் பல் மருத்துவம் படித்தவனல்லன். ஆனால் ஒரே தாளில் இரண்டு பத்திகள் ஒன்றையொன்று மறுத்தால், இரண்டில் ஒன்றை யோசிக்காமல் எழுதியிருக்கிறார்கள் என்று அறியும் அளவுக்குத் தாள்களோடு பழகியிருக்கிறேன்.

எங்கள் வழக்கப்படி 8ஆம் தேதி பகல் உணவு வேளையில் அட்டைகள் கேன்டீனில் டோக்கன் எண் சொல்லி வாசிக்கப்பட்டன. விளைவைத் தாங்கள் அறிய வேண்டும். அசெம்பிளிப் பிரிவில் நாகம்மா என்ற பெண் இருக்கிறார். வயது இருபத்திரண்டு, குருபரப்பள்ளிக்கு அருகிலுள்ள மல்லப்பன் கொட்டாய் என்ற சிற்றூரிலிருந்து தினமும் பேருந்தில் வருபவர். மறுநாள் அவருடைய டிபன் டப்பாவுக்குள் யாரோ ஒரு பிரஷ்ஷை வைத்துவிட்டார்கள். அதற்கடுத்த நாள் முதலுதவி அறையில் அவரைப் பார்த்தேன். செங்கல் தூள் போட்டுத் தேய்த்து ஈறு கிழிந்திருந்தது. "பொகையிலய கையாலகூடத் தொட்டதில்ல சார். அந்தம்மா இன்னாத்துக்கு அப்பிடி எழுதிட்டுப் போனாங்க?" என்று கேட்டார். இதற்குப் பதில் தங்களிடம் இருக்கலாம்.

திருத்தும் முறை பின்வருமாறு. தவறான வரி படிக்கும்படி தெரியுமாறு அதன்மேல் ஒற்றைக் கோடு; அருகில் சரியான வரி; சுருக்கொப்பம்; தேதி. எங்கே வாசிக்கப்பட்டதோ அங்கேயே திருத்தமும் தங்கள் வாயால் வாசிக்கப்பட வேண்டும். சான்றிதழ் தங்கள் பள்ளிக்கு வந்து சேரக் கடைசி நாள் அக்டோபர் 31 என்றும், அது இல்லையேல் தாங்கள் இறுதித் தேர்வு எழுத முடியாது என்றும் படிவத்தில் கண்டேன். காலம் போதும்.

இங்ஙனம்,
அ. நசீருதீன்


மாணவியர் விடுதி, பெங்களூர்.
22-8-1988

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

ருக்மணியின் பணிவான வணக்கம். தங்கள் கடிதத்தை நான்கு முறை படித்தேன். முதல் முறை கோபம் வந்தது. இரண்டாம் முறை நாகம்மாவின் டிபன் டப்பா வரை வந்து அதற்கு மேல் படிக்க முடியவில்லை. மூன்றாம் முறை பாடப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தேன். நான்காம் முறை படித்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

எனக்கு ஊர் தளி. அப்பா முட்டைக்கோசும் ரோஜாவும் பயிரிடுகிறார். எங்கள் பக்கம் ஒருவருடைய பல் பழுப்பாக இருந்தால் அவர் புகையிலை போடுகிறவர். வேறு காரணத்தை நான் கண்டதில்லை. பெங்களூரில் எங்கள் பள்ளிக்குப் பல் காட்ட வருகிறவர்களிடமும் அப்படித்தான். என் கண்ணுக்குத் தெரிந்த பழுப்பு அந்த ஒன்றுதான்.

புத்தகத்தின் பதினான்காம் பாடக் கடைசியில் அரைப் பக்கம் இருக்கிறது. குடிநீரில் ஃப்ளோரைடு என்ற உப்பு அதிகமாக இருந்தால், சிறு பிள்ளையின் ஈறுக்குள் பல் உருவாகும்போதே அது பல்லோடு கலந்துவிடும். பல் முளைக்கும்போதே கறையோடு முளைக்கும். அதைத் துலக்கியோ சுரண்டியோ எடுக்க முடியாது என்று போட்டிருக்கிறது. அந்த அரைப் பக்கத்தின் ஓரத்தில், எனக்கு முன் அந்தப் புத்தகத்தை வைத்திருந்த மாணவி, "தேர்வுக்கு வராது" என்று பென்சிலால் எழுதியிருந்தாள். நானும் நம்பி அடுத்த பாடத்துக்குப் போய்விட்டேன்.

ஐயா, இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. வரிசையில் நான்காவதாக வந்தவருடைய பல்லைக் கருவி முனையால் சுரண்டிப் பார்த்தேன். வெளிக்கறையாக இருந்தால் கொஞ்சமாவது வந்திருக்கும், வரவில்லை. அப்போதே எனக்கு உறுத்தியது. நிமிர்ந்து பார்த்தேன், வரிசை வாசலைத் தாண்டி நின்றது. பழைய கறை, அதுதான் வரவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு அடுத்தவரைக் கூப்பிட்டேன். தெரியாமல் செய்த தவறாவது மன்னிக்கக்கூடியது. உறுத்திய பிறகும் எழுதியவற்றை எதில் சேர்ப்பது?

நாகம்மாவிடம் இன்றே சொல்லச் சொல்லி வேண்டுகிறேன். செங்கல் தூள் வேண்டாம், கரி வேண்டாம். வெதுவெதுப்பான உப்பு நீரில் வாய் கொப்பளித்தால் ஈறு ஒரு வாரத்தில் ஆறிவிடும். பல்லில் அழுக்கே இல்லை, தேய்த்துத் தேய்த்து நல்ல பல்லைக் கரைக்க வேண்டாம் என்றும் சொல்லுங்கள்.

சனிக்கிழமை மதியங்களில் நான் அங்கே வந்து நாற்பத்து மூன்று பேரையும் மறுபடி பார்க்க அனுமதி வேண்டும். ஒரே ஒரு சலுகை கேட்கிறேன். பழைய அட்டைகளை எடுத்துவிட்டுப் புதிய அட்டைகள் எழுதித் தரலாமா? அட்டைகள் எங்கள் பேராசிரியையின் பார்வைக்கும் போகும். நாற்பத்து மூன்று கோடுகள் கண்ணைக் குத்தும்.

தங்கள் பணிவுள்ள,
த. ருக்மணி


ஓசூர், 26-8-1988

செல்வி ருக்மணி அவர்களுக்கு,

வணக்கம். கடிதம் கிடைத்தது. நேர்மையாக எழுதியிருக்கிறீர்கள்.

புதிய அட்டைகளுக்கு அனுமதி இல்லை. புதிய அட்டை எழுதினால் தவறு நடக்கவே இல்லை என்றாகிவிடும். நாகம்மாவின் இந்த மூன்று வாரங்கள் நடந்தவை.

செப்டம்பர் 3 முதல் சனிக்கிழமைகளில் பிற்பகல் 2 முதல் 5 வரை முதலுதவி அறை தங்களுக்கு ஒதுக்கப்பட்டுள்ளது. மேசை ஒன்று, நாற்காலி இரண்டு, மேற்குப் பார்த்த சன்னல் ஒன்று. பிற்பகல் வெளிச்சம் நன்றாக விழும். அட்டைகள் எண் வரிசைப்படி கட்டி மேசைமேல் இருக்கும். மூன்றரைக்குத் தேநீர் வரும். அதில் சர்க்கரை அதிகம் என்பது தங்கள் துறை சார்ந்த குறையாகப் பட்டால் தனிக் கடிதமாக எழுதவும்.

நாகம்மாவிடம் செய்தியைச் சொன்னேன். செங்கல் தூளை நிறுத்திவிட்டார். மற்றதைத் தாங்களே வந்து சொல்ல வேண்டுமாம்.

அ. நசீருதீன்


பெங்களூர், 13-9-1988

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

வணக்கம். இரண்டு சனிக்கிழமைகளும் ஒரு ஞாயிறும் முடிந்தன. தேநீரில் சர்க்கரை அதிகம்தான். ஆனால் இஞ்சி சரியாக இருப்பதால் புகார் எழுதவில்லை.

முதல் சனிக்கிழமை என் கேள்வியே தவறாக இருந்தது. "எந்த ஊர்?" என்று கேட்டேன். எல்லோரும் இப்போது வாடகைக்கு இருக்கும் ஊரைச் சொன்னார்கள். பாதிப் பேர் ஓசூர் என்றார்கள். ஒன்றும் பொருந்தவில்லை. நாகம்மாதான் என்னைத் திருத்தினார். அவர் உட்கார்ந்ததும் நான் முதலில் மன்னிப்புக் கேட்டேன். அவர், "எங்கக்கா ஜோதி இருக்கா. ஒரே ஊட்டுல இருக்கறோம், ஒரே பல்பொடி. அவளுக்கு மட்டும் பல்லு முல்லைப்பூ கணக்கா இருக்குது. அது எப்பிடி?" என்று கேட்டார். அக்கா எங்கே வளர்ந்தார் என்று கேட்டேன். கைக்குழந்தையிலேயே தேன்கனிக்கோட்டையில் அத்தை வீட்டுக்குப் போய்ப் பத்து வயதில் திரும்பி வந்தாராம்.

ஐயா, அந்த நிமிடம் அந்த அரைப் பக்கம் எனக்கு எதிரில் உயிரோடு உட்கார்ந்திருந்தது. அதற்குப் பிறகு கேள்வியை மாற்றிவிட்டேன். "எட்டு வயசு வரைக்கும் எந்தக் கெணத்துத் தண்ணி குடிச்சீங்க?" கன்னடம் பேசுகிறவர்களிடம் நான் கன்னடத்திலேயே கேட்டேன். தெலுங்குக்காரர்களிடம் ஃபிட்டர் வெங்கடப்பன் எடுத்துச் சொன்னார். நான் சொன்னதைவிட இரண்டு மடங்கு நீளமாகச் சொன்னார், எல்லோரும் சிரித்தார்கள், என்ன சேர்த்துச் சொன்னார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இப்போது எல்லாம் பொருந்துகிறது. சூளகிரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் இடையில் பாறைக் கிணறுகளில் குடித்து வளர்ந்தவர்களின் பெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுகின்றன.

ஞாயிற்றுக்கிழமை நாகம்மாவோடு மல்லப்பன் கொட்டாய்க்குப் போனேன். அங்கே இரண்டு கிணறுகள். ஒன்று பாறையில் வெட்டிய ஆழக் கிணறு, குடிக்க, ஊருக்கே பெருமை. இன்னொன்று ஏரிக்கரைக் கிணறு, மாடு கழுவ. இரண்டிலும் பாட்டிலில் நீர் எடுத்து எங்கள் பள்ளிச் சோதனைச் சாலைக்குக் கொண்டுவந்தேன். பேருந்தில் கண்டக்டர், "பெங்களூருக்குக் கெணத்துத் தண்ணி எடுத்துக்கினு போற மொத ஆளு நீதாம்மா. பாட்டிலுக்கும் டிக்கெட்டு போடட்டா?" என்றார்.

இனி, தங்களுக்குப் பிடிக்காததாக இருக்கலாம் என்று தயங்கித் தயங்கி எழுதும் ஒரு செய்தி. நாற்பத்து மூன்றையும் திருத்த வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். ஐந்து அட்டைகளை நான் திருத்த மாட்டேன். அந்த ஐந்து பேருக்கும் கறை கருவி முனையில் பெயர்ந்து வந்தது. ஈறும் கசிகிறது. அதில் இருவர் புகையிலையை இடுப்பில் வைத்துக்கொண்டே வந்து உட்கார்ந்தார்கள். அந்த ஐந்தும் முதலில் எழுதியபடியே சரி. அவர்களுக்கு மரியாதை செய்வதாக நினைத்து நான் கோடு போட்டால், நாளைக்கு வாயில் புண் வரும்போது அந்தக் கோடு அவர்களைக் காப்பாற்றாது. இதனால் தாங்கள் ஒப்பமிட மறுத்தாலும் சரி.

முப்பத்தெட்டில் முப்பத்தேழு பேரைப் பார்த்துவிட்டேன். அட்டை எண் 1 மட்டும் வரவில்லை. அதில் டோக்கன் எண் இல்லை. "அலுவலகம், ஆண், வயது 50" என்று மட்டும் இருக்கிறது. அவரை அனுப்பிவைக்க வேண்டுகிறேன்.

தங்கள்,
த. ருக்மணி


ஓசூர், 19-9-1988

அன்புள்ள செல்வி ருக்மணி அவர்களுக்கு,

வணக்கம். ஐந்து அட்டைகளைப் பற்றித் தாங்கள் எழுதியது முற்றிலும் சரி. நாற்பத்து மூன்று என்று நான் எழுதியது பரிசோதிக்காமல் எழுதிய எண். என் 16-8 கடிதத்தின் அலுவலக நகலில் அந்த எண்மேல் ஒற்றைக் கோடிட்டு, 38 என்று திருத்தி, சுருக்கொப்பமும் தேதியும் இட்டுக் கோப்பில் வைத்துவிட்டேன். பதினோரு ஆண்டுகளில் என் கடிதம் ஒன்றில் நானே கோடு போட்டது இதுவே முதல் முறை. எதிர்பார்த்த அளவுக்குக் கடினமாக இல்லை.

தாங்கள் மறுத்த முறை எனக்கு மகிழ்ச்சி அளித்தது. ஒப்பம் வேண்டிக் காத்திருப்பவர் ஒப்பமிடுபவரிடம் அவ்வாறு எழுதுவது எளிதன்று.

அட்டை எண் 1க்கு உரியவருக்கு அலுவல் மிகுதி. மற்ற பணிகளைத் தொடரவும்.

அ. நசீருதீன்


பெங்களூர், 3-10-1988

அன்புள்ள ஐயா அவர்களுக்கு,

வணக்கம். முடிவு வந்துவிட்டது. ஒரு லிட்டரில் ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் ஃப்ளோரைடு கூடாது. மல்லப்பன் கொட்டாயின் பாறைக் கிணற்றில் நான்குக்கு மேல். யாரும் மதிக்காத ஏரிக்கரைக் கிணற்றில் ஒன்றுக்கும் கீழே! எங்கள் பேராசிரியை தாளை வாங்கி இரண்டு முறை பார்த்தார். பிறகு எங்கள் வகுப்பு முழுவதையும் உட்காரவைத்து அந்த அரைப் பக்கத்தை என்னை எடுக்கச் சொன்னார். கோடு போட்ட அட்டை ஒன்றைக் கையில் தூக்கிக் காட்டிக்கொண்டே பாடம் எடுத்தேன். கோடு கண்ணைக் குத்தும் என்று தங்களிடம் கெஞ்சியவள் நான். இப்போது ஆய்வுக் குறிப்பேட்டில்கூட அழிக்காமல் கோடு போட்டுத்தான் திருத்துகிறேன். விடுதியில் என்னை "ஒத்தக் கோடு" என்று கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள்.

நேற்று முடிவை ஊரில் சொல்லப் போனேன். பாறைக் கிணறு சரியில்லை என்றதும் பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். "கண்ணாடி கணக்கா இருக்கற தண்ணிய வேணாங்கற, சேத்துத் தண்ணிய குடிங்கற. நல்லா படிச்ச போ" என்றார் ஒருவர். நாகம்மாவின் அம்மா சரோஜம்மாள், ஏரித் தண்ணீர் நாற்றம் அடிக்கும் என்றார். காய்ச்சி வடிகட்டினால் அவ்வளவாகத் தெரியாது என்றேன்.

"பல்லு வெளுக்கணும்னா மூக்கப் பொத்திக்கணுமா?"

"உங்களுக்கு வேணாம்மா. பிள்ளைங்களுக்கு மட்டும். எட்டு வயசு வரைக்கும் பொத்திக்கிட்டாப் போதும்."

கூட்டம் சிரித்துவிட்டது. சரோஜம்மாளும் சிரித்தார். சிரிக்கும்போது வழக்கம்போல முந்தானை வாய்க்குப் போனது. பாதியில் நிறுத்திக் கீழே இறக்கிவிட்டார். அந்த ஊரில் எல்லாப் பெண்களும் முந்தானையை வாய்க்குக் கொண்டுபோய்த்தான் சிரிக்கிறார்கள், ஐயா. அது கூச்சம் என்று நினைத்திருந்தேன். கிளம்பும்போது, சிறு பிள்ளைகளுக்கு ஒரு குடம் தனியாக ஏரிக்கரைக் கிணற்றிலிருந்து எடுப்பதாக ஒன்பது வீட்டார் சொன்னார்கள்.

8ஆம் தேதி சனிக்கிழமை முப்பத்தேழு திருத்தங்களையும் கேன்டீனில் வாசிக்க ஆயத்தமாக இருக்கிறேன்.

தங்கள்,
ருக்மணி


ஓசூர், 10-10-1988

அன்புள்ள செல்வி ருக்மணி அவர்களுக்கு,

வணக்கம். சனிக்கிழமை வாசித்து முடித்ததும் பேருந்தைப் பிடிக்கத் தாங்கள் ஓடிவிட்டதால், அதன் பின் நடந்தவற்றைத் தெரிவிப்பது என் கடமை.

"டோக்கன் 212, நாகம்மா. ஈறு நலம். சொத்தை ஒன்றும் இல்லை. தினமும் நன்றாகப் பல் துலக்குபவர். பல்லின் நிறம் குடிநீரால் வந்தது, பழக்கத்தால் அன்று. முன்னர் எழுதியது என் தவறு" என்று தாங்கள் வாசித்தபோது எழுந்த கைதட்டலைக் கேட்டீர்கள். அது நின்ற பிறகு, அசெம்பிளிப் பிரிவுப் பெண்களில் ஒருத்தி எழுந்து நாகம்மாவிடம் போய், "பிரஷ்ஷ வெச்சது நாந்தான்டி" என்றாள். நாகம்மா, "தெரியும். நல்ல பிரஷ்ஷுதான், அதுலதான் தெனமும் தேய்க்கறேன்" என்றார். அடுத்த மேசையில் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களுக்குப் புரையேறியது.

வெங்கடப்பன் என் அறைக்கு வந்தார். "சார், கலியாணமான நாள்லேர்ந்து எம் பொண்டாட்டி என்ன பல்லு தேய்க்காதவன்னு பேசறா. இருவது வருசமா தேச்சுத் தேச்சு என் வெரலுதான் வெளுத்துச்சு. கம்பெனி லெட்டர்ல நாலு வரி அடிச்சுக் குடுங்க" என்று கேட்டார். அத்தகைய கடிதம் கொடுக்க விதி இல்லை என்றேன். திருத்திய அட்டையின் நகலைக் கொடுக்க விதி உண்டு என்பதையும் சொன்னேன். அதைச் சட்டமிட்டு மாட்டப்போவதாகச் சொல்லிப் போனார்.

என் பங்குத் தவறும் ஒன்று உண்டு. ஒருவரின் வாயைப் பற்றிய குறிப்பைப் பலர் முன் வாசிக்கச் சொன்னவன் நான். தாங்கள் தவறாக எழுதினீர்கள். அதை ஊருக்கு அறிவித்தது என் விதி. இன்றிலிருந்து பரிசோதனை அட்டைகள் ஒட்டிய உறையில் அவரவர் கையில் தரப்படும் என்று சுற்றறிக்கை அனுப்பிவிட்டேன்.

அ. நசீருதீன்


பெங்களூர், 15-10-1988

அன்புள்ள ஐயா அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் கடிதத்தை விடுதியில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். வெங்கடப்பன் பகுதியை மூன்று முறை.

ஐயா, இன்னும் பதினாறு நாள் இருக்கிறது. சான்றிதழ் கேட்டு எழுதவில்லை. ஓர் அட்டை மீதம் இருக்கும்போது தாங்கள் ஒப்பமிட மாட்டீர்கள். இட்டாலும் நான் வாங்கிக்கொள்ள மாட்டேன் என்று நினைக்கிறேன். அந்த அளவுக்கு என்னை மாற்றிவிட்டீர்கள். ஆனால் அதற்காகத் தேர்வு எழுதாமல் ஓர் ஆண்டு வீட்டில் உட்கார எனக்குச் சிறிதும் விருப்பமில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அட்டை எண் 1 என்னிடம்தான் இருக்கிறது. நேற்று மறுபடி படித்தேன். எண்பத்தாறு பேரில் மிக நல்ல ஈறு அவருடையதுதான். முப்பத்திரண்டு பல்லும் இருக்கிறது. சொத்தை இல்லை, பற்காரை இல்லை. எங்கள் பள்ளியில் மாதிரிக்கு வைத்திருக்கும் பொம்மை வாயைத் தவிர இப்படியொரு வாயை நான் பார்த்ததில்லை. அதன்கீழ், "பல் துலக்கும் வழக்கம் இல்லை" என்று எழுதியிருக்கிறேன். அன்றைக்கு அவர் அதைப் படித்தபோது எப்படி இருந்திருக்கும்?

அவர் முகம் எனக்கு நினைவில்லை. அன்று நான் வாய்களை மட்டுமே பார்த்தேன். இப்போதெல்லாம் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் வாயைப் பார்க்கிறேன். ஆனால் ஒன்று நினைவிருக்கிறது. உட்காரும் முன் நான்காக மடித்த வெள்ளைக் கைக்குட்டையை வாயிலிருந்து எடுத்து மடிமேல் வைத்தார். எழுந்ததும் அதை மறுபடி வாய்க்குக் கொண்டுபோனார். அதே போன்ற கைக்குட்டையை இந்தச் சனிக்கிழமைகளில் நான் ஓரிடத்தில் பார்த்திருக்கிறேன்.

அவருடைய பெயரை நான் கேட்கவில்லை. ஒரே ஒரு கேள்வியை மட்டும் அவரிடம் கேட்டு எழுதுங்கள். எட்டு வயது வரை அவர் எந்தக் கிணற்றுத் தண்ணீர் குடித்தார்?

என்றும் தங்கள்,
ருக்மணி


ஓசூர், 20-10-1988

அன்புள்ள ருக்மணிக்கு,

கேள்விக்கு முதலில் பதில். எட்டு வயது வரை மட்டுமன்று, பதினாறு வயது வரை அவர் குடித்தது மல்லப்பன் கொட்டாய்ப் பாறைக் கிணற்றுத் தண்ணீர். அவருடைய தந்தையார் குலாம் ரசூல் குருபரப்பள்ளியில் சாலையோரத்தில் கடை வைத்திருந்தார். கடைக்கும் வீட்டுக்குமாக அந்தக் கிணற்றிலிருந்து தினமும் ஒரு மாட்டுவண்டியில் பீப்பாய் வரும். வழிப்போக்கர்கள் வண்டியை நிறுத்திக் கேட்டு வாங்கிக் குடிப்பார்கள். இவ்வட்டாரத்திலேயே சிறந்த நீரைத் தன் பிள்ளைகளுக்குக் கொடுப்பதாக என் தந்தையார் இறுதி வரை பெருமையோடு இருந்தார். ஆம், அட்டை எண் 1 என்னுடையது.

எனக்கு ஒன்பது வயதில் பள்ளிக்கு ஆய்வாளர் ஒருவர் வந்தார். நான் எழுந்து கணக்கைச் சரியாகச் சொன்னேன். அவர், "பல்லைத் துலக்கிவிட்டு வந்து பேசு" என்று சொல்லி என்னைக் குழாயடிக்கு அனுப்பினார். அன்று காலையிலேயே துலக்கியிருந்தேன். என்னிடம் ஏதோ ஒரு விதி தவறியிருக்கிறது, அதைச் சரியாகக் கடைப்பிடித்தால் கறை போகும் என்று அன்று நம்பினேன். அன்றிலிருந்து நாளுக்கு இரு முறை, ஒவ்வொரு முறையும் நான்கு நிமிடம், கடிகாரம் வைத்து. நாற்பத்தொரு ஆண்டுகளில் ஏறத்தாழ முப்பதாயிரம் முறை. ஒன்றும் போகவில்லை. அதனால் கைக்குட்டை.

ஆகஸ்ட் 8ஆம் தேதி கேன்டீனில் வாசிக்க வேண்டிய அட்டைகளை எடுத்துக் கொடுத்தவன் நான். நாற்பத்து மூன்றில் நாற்பத்திரண்டு வாசிக்கப்பட்டன. முதல் அட்டை என் மேசை இழுப்பறைக்குள் போயிற்று. என் பணிக்காலத்தில் நான் அறிந்து மீறிய ஒரே விதி அது. செப்டம்பரில் எண்ணிக்கை ஒத்திருக்க வேண்டும் என்பதற்காக மட்டும் அதை அட்டைக் கட்டோடு சேர்த்தேன், அதற்குரியவனைச் சேர்க்கவில்லை. வாசிக்கப்படாத அட்டைக்குத் திருத்தத்தையும் வாசிக்க வேண்டியதில்லை என்று இந்த நான்கு நாட்களாக எனக்குள் வாதிட்டுப் பார்த்தேன். புதிய சுற்றறிக்கையையும் துணைக்கு அழைத்துப் பார்த்தேன். இரண்டு வாதங்களும் விதிப்படி நிற்கும். ஆனால் நாகம்மா அத்தனை பேர் முன் உட்கார்ந்து கேட்டதை நான் இழுப்பறைக்குள் வைத்திருக்க முடியாது. ஓர் அட்டைக்காக உன் தேர்வை நிறுத்திவைத்திருப்பவன் நான்தான் என்பதை உன் கடிதம் ஒரு சொல்லும் கடுமையின்றிச் சொல்லிவிட்டது.

மிக நல்ல ஈறு என்று எழுதியிருந்தாய். அந்த வரியைப் படித்த அன்று மாலை, வீட்டில் நிலைக்கண்ணாடி முன் நெடுநேரம் நின்றேன். என் மகள் வஜிஹா வாசலில் வந்து நின்றதைக் கவனிக்கவில்லை.

"அத்தா, யாரப் பாத்து சிரிக்கிறீங்க?"

"சனிக்கிழமைக்குப் பழகறேம்மா."

"நல்லாத்தான இருக்குது" என்று சொல்லிவிட்டு அவள் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டாள். இவ்வளவு சிறிய செய்தியாக அது முடிந்துபோகும் என்று நான் நினைத்ததே இல்லை.

இனி நான் செய்யப்போவது இது. நாளை மறுநாள், 22ஆம் தேதி சனிக்கிழமை, பகல் பன்னிரண்டரைக்குக் கேன்டீனில் முதல் மேசையின் அருகே ஒரு நாற்காலி போட்டு உட்காருவேன். நீ அட்டை எண் 1ஐயும் கருவியையும் கொண்டு வா. எல்லோருக்கும் எதிரில் சுரண்டிப் பார். வரவில்லையென்றால் ஒற்றைக் கோடு போடு, சுருக்கொப்பமிடு. அதன் பின் அட்டையை என் கையில் கொடு. கோடு போட்ட வரியையும் திருத்திய வரியையும் நானே எழுந்து நின்று, கடைசி மேசை வரை கேட்கும்படி, வாயை நன்றாகத் திறந்து வாசிப்பேன். அதே மேசையில் உன் சான்றிதழில் ஒப்பமிடுவேன். கைக்குட்டையை அன்று வீட்டில் வைத்துவிட்டு வருவேன்.

அன்புடன்,
அ. நசீருதீன்
(அட்டை எண் 1)